பன்னிரண்டாம் அத்தியாயம் தனித் தபாலில்

பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் படித்த காலையில் எனக்குத் துறையின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் ஆயுளில் பாதியை வாங்கிக்கொண்ட துறை அது. வந்தது என்னவோ ஒரு மாமியின் ஞாபகம். உயிரோடிருந்து இதைப் படித்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். "எனக்கொரு சம்சயம் ஸார். இதிலே யாருக்காக்கும் லாபம்?"

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. நாவலாசிரியை. படித்தவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள், படிக்காதவர்களுக்குப் பெயர் எதற்கு? தவிர, அனுமதியில்லாமல் அச்சில் வந்தால் அவர் எங்கிருந்தாவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பக்கூடியவர்.

நான் மலையாள தேசத்துத் தலைநகரில், கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தபால் நிலையத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தபோது கவுன்ட்டரில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். காகிதக் கட்டு ஒன்றைத் தராசில் வைத்துவிட்டு ஒரு மாமி நின்றுகொண்டிருந்தார். எங்கள் குமாஸ்தா சொன்ன எடையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவில் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அங்கே எடை குறைவாம்.

"இது அரசாங்கத் தராசு. முறைப்படி சரிபார்க்கிறோம். மளிகைக்கடைத் தராசை நம்பலாமா?" என்றேன்.

"நம்பல்லை ஸார். மளிகைக்கடைக்காரன் எப்போதும் கூட்டித்தான் காட்டுவான். அவனையே நீங்க மிஞ்சறேளேன்னுதான் கேக்கறேன்."

இன்னொரு தராசில் வைத்துக் காட்டினேன். அதே எடை. "ரெண்டும் ஒரே இடத்திலே வாங்கினதா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே தபால்தலை ஒட்டினார்.

அவருடைய கொள்கை எளிமையானது: எந்த ஆளுக்கும் முழுக் கதையும் தெரியக்கூடாது. பதிப்பாளருக்குப் போகும் கட்டுகளை எங்களிடம் சேர்ப்பார். பத்திரிகைகளுக்கு அனுப்புவதைத் தம்பானூரில். சொந்தக் கடிதங்களைக் கரமனையில். மூன்று தபால் நிலையத்துக் குமாஸ்தாக்களும் ஒன்றுகூடி அவர் நாவலைத் திருடச் சதி செய்தாலும் துண்டுதான் கிடைக்கும். நாங்கள் மாலையில் ஒன்றுகூடிப் பேசியதெல்லாம் சம்பளக் கமிஷன் பற்றி என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

நான் ஓய்வுபெற்று இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். விதி தெரிந்த ஆள் சம்பளமில்லாமல் கிடைப்பது அபூர்வம். என் மனைவி காப்பி கொடுப்பாள். மாமி முதலில் முகர்ந்து பார்ப்பார். "சிக்கரி இல்லையே?" என்பார். இல்லை என்று சொன்னபிறகும் ஒரு வாய் குடித்துவிட்டு என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். "அந்த மாமி வந்தா நான் உள்ளயே இருந்துக்கிடுதேன். என்னமோ நான் வெசம் வச்ச மாரில்லா பாக்கா" என்பாள் இவள்.

பதிப்பாளர்களைச் சோதிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். கையெழுத்துப் பிரதியின் நடுவில் இரண்டு பக்கங்களைச் சோற்றுப் பருக்கையால் லேசாக ஒட்டி அனுப்புவார். படித்திருந்தால் பிரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் ஒட்டியபடியே, 'கவனமாகப் பரிசீலித்தோம்' என்ற குறிப்போடு திரும்பி வரும். ஒருமுறை வந்த பிரதியை என் மேசைமேல் போட்டு, "பாருங்கோ ஸார் விசேஷத்தை" என்றார். பக்கங்கள் ஒட்டித்தான் இருந்தன. ஆனால் பருக்கை இல்லை; நல்ல ஆபீஸ் பசை. படித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள்.

"அப்படியானால் படித்திருக்கிறார்கள். சந்தோஷம்தானே?"

"படிச்சதை எதுக்காக்கும் மறைக்கணும்? அதாக்கும் என்னோட சம்சயம்."

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் உண்டு. இளவயதில் ஒரு வாரப் பத்திரிகையின் போட்டிக்கு நாவல் அனுப்பினார். பரிசும் இல்லை, பிரதியும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு அதே பத்திரிகையில் ஒரு பிரபலர் எழுதிய தொடரில் இவர் கட்டிய வீடு இருந்தது, இவர் தோண்டிய கிணறு இருந்தது, இவர் வளர்த்த பசு அதே பெயரோடு அங்கே புல் மேய்ந்துகொண்டிருந்தது. "பசுவோட பேரையாவது மாத்தக்கூடாதோ ஸார்? அத்தனை மடியன்" என்பார். திருட்டைவிடச் சோம்பலைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

ஜெராக்ஸ் எடுக்க மாட்டார். கடைக்காரன் தனக்கும் ஒன்று எடுத்துக்கொள்வானாம். கழக்கூட்டம் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைபார்த்த மகன் என் முன்னால் ஒருநாள் வாதாடினார்.

"அம்மா, டைப் பண்ணி மெயில்ல அயச்சா ஒரு செகண்ட். காப்பியும் அங்கயே கெடக்கும்."

"அங்கேன்னா எங்கே?"

"சர்வர்ல."

"யாரோட சர்வர்?"

மகன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஆக, உலகத்தில் அவருடைய ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே பிரதி. அதையும் முழுதாக அனுப்பமாட்டார். ஓர் அத்தியாயத்தை எடுத்துவைத்துக்கொள்வார். பதிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அச்சுக்கு நாளும் குறித்தபிறகுதான் அது போகும். அதைத் தன் வீட்டிலும் வைத்துக்கொள்ளமாட்டார். வீட்டுக்கு மருமகள் வருவாள். நாகர்கோவிலில் இருந்த தோழிக்கு அனுப்பிவிடுவார். இங்கிருந்து ஒரு போஸ்ட் கார்டு போனால், தோழி அங்கிருந்து அதைப் பதிவுத் தபாலில் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்குள் ஏற்பாடு அது. கார்டில் அத்தியாய எண்ணோடு ஒரே வரிதான் இருக்கும்: 'பன்னிரண்டை விடலாம்.' படிக்கும் தபால்காரர் ஏதோ கைதியைப் பற்றி என்று நினைத்திருக்கலாம்.

தோழியும் நாவலாசிரியை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ இலக்கியக் கூட்டத்தில், பெண்களுக்கென்று ஒதுக்கிய மதிய அமர்வில், அரங்கம் காலியாக இருந்த நேரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஏற்பட்ட சிநேகம். அதற்குப்பிறகு நேரில் பார்த்தது குறைவு, எல்லாம் கடிதம்தான். மாமி எனக்குப் படித்துக் காட்டுவார். பாதியில் நிறுத்தி, "இது உங்களுக்கு வேண்டாம்" என்று மடிப்பார். கேட்டவரையில் எல்லாம் தொழில் விஷயம். எந்தப் பதிப்பாளர் பின்னட்டையில் படத்தைப் போட்டு, குடும்பப் பாங்கான எழுத்து என்று கீழே போடுவார். எவர் ஒரு பெரிய மனிதரின் முன்னுரை வாங்கிவரச் சொல்வார். அந்தப் பெரிய மனிதர் ஆண் என்பதைச் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும். எவர் போனில் கணவரைச் சொல்லி "சாருகிட்ட கேட்டுட்டீங்களாம்மா?" என்பார். தோழி அதற்கு, "சாரு செத்து ஏழு வருசமாச்சு, நீங்க போயி கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாராம். அந்த வரியைப் படிக்கும்போதுதான் மாமி வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

பால்காரன் முதல் பதிப்பாளர்வரை எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் நின்ற உலகத்தில் அந்தத் தோழி மட்டும் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொழில்முறையில் எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரே ஆளிடம் எல்லாச் சாவியையும் கொடுப்பது எந்த அலுவலகத்திலும் விதிமீறல்.

பிறகு அந்த நாவல் வந்தது. கோயில் உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி ஒருநாள் காலையில் பஸ் ஏறிப் போய்விடுகிறாள். சில வாரம் கழித்துத் திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல அடுப்பு மூட்டுகிறாள். எங்கே போனாள், ஏன் போனாள் என்பதெல்லாம் பன்னிரண்டாம் அத்தியாயம்.

புத்தகக் கண்காட்சிக்கு நேரமாகிவிட்டதென்று பதிப்பாளர் மெய்ப்புகூட அனுப்பாமல் அச்சடித்துவிட்டார். மாமி பிரதியைப் புரட்டினார். பதினொன்றில் பஸ் கிளம்புகிறது. பன்னிரண்டில் அடுப்பு எரிகிறது. பதிமூன்றைப் பன்னிரண்டு என்று எண் மாற்றி, புத்தகத்தை முடித்திருந்தார்கள். தனியாக எதுவும் தங்களுக்கு வரவில்லை என்றார் பதிப்பாளர். அனுப்பிவிட்டேன் என்று எழுதினார் தோழி.

"போஸ்ட் ஆபீஸ்காரா முழுங்கிட்டா ஸார்" என்று மாமி என் வீட்டுப் படியேறினார்.

அதைவிட மோசமானது அடுத்த மாதம் நடந்தது. நாவல் பேசப்பட்டது. முந்தைய நாவல்களைச் சீந்தாதவர்கள் இதைப் பாராட்டினார்கள். அவள் எங்கே போனாள் என்று சொல்லாமல் விட்டதுதான் இந்த நாவலின் சாதனை என்று ஒருவர். வாசகரை இந்த அளவுக்கு நம்பும் எழுத்தாளர் தமிழில் அபூர்வம் என்று இன்னொருவர்.

"இவனை நான் கண்டதுகூட இல்லை" என்று பத்திரிகைத் துண்டை ஆட்டினார் மாமி. "நான் இவனை நம்பறேனாம்!"

முதல் பதிப்பு விற்றது. இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தைச் சேர்த்துவிடலாம், சீக்கிரம் அனுப்புங்கள் என்றார் பதிப்பாளர். நகல் இல்லை. மாமி அதைத் திரும்ப எழுத உட்கார்ந்து பார்த்தார், வரவில்லை. அவர் எழுதியதிலேயே உயிரைக் கொடுத்து எழுதிய பகுதி அதுதான் என்று சொன்னார். முதல்முறையாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். எதிராளியைத் தேடாமல் அழுதார்.

"தபாலைக் கண்டுபிடித்துவிடலாம். ரசீது எண் வேண்டும்" என்றேன்.

தோழிக்கு எழுதினார். ரசீது தொலைந்துவிட்டது என்று பதில் வந்தது. மழையில் கைப்பை நனைந்ததாம்.

பதிவுத் தபாலும் காணோம், ரசீதும் காணோம். என் அனுபவத்தில் இரண்டும் சேர்ந்து காணாமல் போனால் காகிதம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்று பொருள். "உங்கள் தோழி நிச்சயமாக அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

மாமி டம்ளரைக் கீழே வைத்தார். "ஸார், நீங்க யாரை வேணும்னாலும் குத்தம் பறயுங்கோ. என் பிள்ளையைப் பறயுங்கோ. அவளை மட்டும் வேண்டாம்." எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினார். "உங்க டிபார்ட்மென்டைக் காப்பாத்தறேளாக்கும்."

கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு மேலதிகாரிக்கு எழுதிய புகார் மனுவோடு வந்தார். விதிப்படி இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். படித்தேன். அருமையான மனு. மூன்றாம் பத்தியில், ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர் விசாரணையைத் திசைதிருப்ப முயல்கிறார் என்று இருந்தது.

"இது நானா?"

"வேற யாரு?"

என் பதவியின் பெயரைத் தவறாகக் குறிப்பிட்டிருந்தார். அதைத் திருத்திக்கொடுத்தேன். "ஆனால் தபாலை அனுப்பியவர் நீங்கள் இல்லை. அனுப்பியவர்தான் புகாரில் கையெழுத்திட வேண்டும். உங்கள் தோழியின் கையெழுத்தை வாங்கி அனுப்புங்கள்."

"தபால்லயா? இதையுமா?" என்று நெற்றியைச் சுருக்கினார். யோசித்தார். மூட்டுவலியால் அவரால் பயணம் செய்ய முடியாது. "எனக்கு வேற ஆள் இல்லையே" என்று, குற்றம்சாட்டப்பட்டவனிடமே மனுவைக் கொடுத்தனுப்பினார்.

காலை ரயிலில் நாகர்கோவில் போனேன். தோழி கனத்த சரீரம், உரத்த குரல். "வாங்க சார், இரியுங்க. உங்களப் பத்தி கடுதாசி கடுதாசியா எழுதிருக்கா. நம்பலாமா வேண்டாமான்னு இன்னும் தீர்மானம் ஆவல்ல" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனுவைப் படித்தார். மூன்றாம் பத்தியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்திட வேண்டிய இடத்தில் முனையை வைத்தார். எழுதவில்லை.

"கடுதாசில பொய் எழுதிரலாம் சார். அதும் அவகிட்டதானே, பொறவு சரிபண்ணிக்கிடலாம். இது யாரோ ஒரு தபால்காரனுக்க வேலைக்கு ஒல வைக்கிற காரியமில்லா? இதுல போட மாட்டேன்."

உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு கவரைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டார். பதிப்பாளர் முகவரி எழுதி, தபால்தலையும் ஒட்டியிருந்தது. முத்திரை விழவில்லை. பதிவு எண் இல்லை.

"அனுப்பத்தான் எடுத்தேன். கடைசியா ஒருக்கா வாசிச்சுப் பாத்தேன். சார், நாவல் முழுக்க அந்தப் பொம்பள வாயத் தொறக்க மாட்டா. அழகா இருக்கும். இந்த ஒரு அத்தியாயத்துல மட்டும் கோர்ட்டுல நிக்க மாரி காரணம் காரணமாச் சொல்லுவா. எதுக்கு போனேன், எங்க போனேன், என் மேல என்ன தப்புன்னு. எவன் கேட்டான்? ஒருத்தனும் கேக்கல்ல. இவளுக்கு பதிப்பாளன் மேல சந்தேகம், தபால்காரன் மேல சந்தேகம், செரி. வாசிக்கிறவன் மேலயும் சந்தேகம். அவன் தப்பா நெனச்சிருவானோன்னு. அந்தச் சந்தேகத்த நான் பீரோல வச்சுப் பூட்டிட்டேன்."

"அவரிடம் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கேப்பாளா? நானும் பொறாமைல சொல்லுகேன்னு நெனப்பா. எனக்க நாவல் எதுவும் ரெண்டாம் பதிப்பு கண்டதில்ல பாருங்க." சற்று நேரம் கவரைத் தடவிக்கொண்டிருந்தார். "அதுவும் கொஞ்சம் உண்டோ என்னமோ. யாரு கண்டா?"

கவரை என்னிடம் கொடுத்தார். "கொண்டு குடுங்க. நான் மறந்துட்டேன்னு சொல்லணும்னாலும் சொல்லுங்க. உள்ளதச் சொல்லணும்னாலும் சொல்லுங்க. ஆனா அவளுக்கு நான் ஒருத்திதான் உண்டு. அத மட்டும் நெனச்சுக்கிடுங்க."

ரயிலில் அந்தக் கவர் என் மடியில் இருந்தது. வாய் ஒட்டாத கவர்தான். நான் படிக்கவில்லை. பிறர் தபாலைப் படிப்பதில்லை என்ற ஒரு பழக்கம்தான் துறை எனக்குக் கொடுத்த நிரந்தரச் சொத்து. அந்தப் பெண் எங்கே போனாள் என்பது அன்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். இன்றைக்கு ஒருவருக்கு.

மாமியிடம், தோழி அனுப்ப மறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் கவரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தபால்தலையை நகத்தால் தடவினார். கவரின் வாயை முகர்ந்தார். அந்த ஆராய்ச்சி எனக்குப் பழக்கம். எத்தனையோ கவர்களுக்கு, எத்தனையோ பேருக்கு எதிராக அவர் செய்ததுதான்.

"அலமாரியிலே இருந்திருக்கு. ரசகற்பூர வாசனை" என்றார். பிறகு, "மறந்திருக்க மாட்டா."

நான் மடித்த மனுவை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"மனுவிலே ஒப்புப் போட்டாளோ?"

"இல்லை."

"பேனாவை எடுத்தாளோ?"

"எடுத்தார். வைத்துவிட்டார்."

மாமி அன்று காப்பி குடிக்கவில்லை. கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் அவர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. நாகர்கோவிலுக்குக் கடிதம் எதுவும் போகவில்லை என்று தபால்காரர் மூலம் எனக்குத் தெரியும். கேட்கக்கூடாது, கேட்டேன். அங்கிருந்து வந்த இரண்டு கடிதங்களையும் மாமி வாங்கி வைத்துக்கொண்டாராம், பிரித்தாரா என்று தெரியாது.

பிறகு ஒருநாள் வந்து, பதிப்பாளருக்குப் பதில் எழுதியாகிவிட்டது என்றார். "ரெண்டாம் பதிப்பையும் உள்ளது உள்ளபடி போட்டா மதி, அது போறும்னு எழுதிட்டேன்."

"அத்தியாயம்?"

"வாசிச்சேன். பெண்ணு வெறுதே சளசளன்னு பேசறா." கொஞ்சம் பொறுத்து, "நான் எழுதறச்சே அத்தனை பேசல்லை. அலமாரியிலே கெடந்து பேச ஆரம்பிச்சிருக்கா" என்றார். தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொள்வதற்கு அவருக்கிருந்த அதிகபட்ச வழி அது.

ஓராண்டு கழித்து அடுத்த நாவல் முடிந்தது. தராசில் தகராறு வந்தால் சாட்சி வேண்டுமென்று என்னையும் தபால் நிலையத்துக்கு அழைத்துப் போனார். கட்டு பெரிதாக இருந்தது. முகவரியைப் பார்த்தேன். பதிப்பாளருக்கு அல்ல, நாகர்கோவிலுக்கு.

"எந்த அத்தியாயம்?"

"முழுசும்."

"நகல்?"

"இல்லை."

எனக்கே பதறியது. "மாமி, அவர் மறுபடியும்..."

"எடுப்பா. எடுக்காமல் இருக்க மாட்டா. அதுக்காக்கும் ஒரு அத்தியாயம் கூட்டி எழுதி வெச்சிருக்கேன். நன்னா விளக்கி, விளக்கி. அதைத்தான் எடுக்கறாளா, இல்லை நான் நெனைக்காத ஒண்ணை எடுக்கறாளான்னு பார்க்கணும்."

கவுன்ட்டரில் இருந்த பெண் மலையாளத்தில், "அம்மே, அக்னாலெட்ஜ்மென்ட் வேண்டே?" என்று அட்டையை நீட்டினாள். ஒப்புகை அட்டை இல்லாமல் அந்த அம்மாள் ஒரு காகிதத்தைக்கூட அனுப்பி நான் பார்த்ததில்லை. வந்த அட்டைகளை வரிசையாகக் கட்டி வைத்திருப்பவர். கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர்.

"வேண்டா மோளே" என்று அட்டையைத் தள்ளினார். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கள்ளி ஒப்புப் போட்டா என்ன, போடாட்டா என்ன ஸார்? மனுவிலே போடாத ஒப்பைத்தான் பார்த்தாச்சே" என்றார்.

ரசீதை வாங்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். படியிறங்கப் போனவர் நின்றார்.

"எனக்கொரு சம்சயம். எடையை இன்னொரு தரம்கூட பார்க்கச் சொல்லுங்கோ."